புறவாசல் நிலை

எங்கள் வீட்டை எடுத்துக் கட்டத் திட்டம் போட்டபோது, வீட்டைவிட்டுப் போவது அந்தத் திட்டத்தில் இல்லை. மேற்கு அறையில் வேலை நடந்தால் கிழக்கு அறையில் இருந்துகொள்வது, அடுப்படியில் வேலை நடந்தால் பக்கத்தில் பெரியப்பா வீட்டில் பொங்கிக்கொள்வது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் முற்றம் ஒன்றுதான். ஒரு சாக்கைக்கூடக் கட்ட வேண்டியிருக்காது என்று பெரியப்பா சொன்னார்.

கரிசல் மண்ணை அவர் யோசிக்கவில்லை. அடுப்படிச் சுவரை ஒட்டிக் கொத்தனார் அஸ்திவாரத்துக்குத் தோண்டிப் போட்ட அன்றே கோடை மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் மண் உப்பிச் சரிந்து, சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. கொத்தனார் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் சாமான்கள் எல்லாம் தெருவில் கிடந்தன. பெரியப்பா வீட்டில் மூத்த அக்கா பேறுகாலத்துக்கு வந்திருந்ததால் அங்கே படுக்க இடமில்லை. அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த ஒருவர், ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு வளவில் வீடு காலியாக இருப்பதாகச் சொன்னார். சாயங்காலம் டெம்போவில் அங்கே போய் இறங்கினோம்.

நான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். தேதியைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பிறகுதான் வந்தது.

வளவு என்றால் இரண்டு வரிசையில் எதிரெதிராக ஒற்றை அறை வீடுகள், நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு தளம், கடைசியில் ஒரு குழாய். ரயில் போகும்போதெல்லாம் சமையல் ஏனங்கள் ஒன்றோடொன்று மோதி முணுமுணுக்கும். எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. வளவு வாசலில் போய் நின்று, எங்கள் தெருப்பக்கம் போகும் டவுன் பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆடியில் எங்கள் தெரு அம்மன் கோவில் கொடைத் திருவிழா. அந்த வருடம்தான் நானும் பெரியப்பாவின் சின்ன மகளும் முதல் தடவையாக முளைப்பாரி எடுப்பதாக இருந்தோம். முளைப்பாரி அவரவர் வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்ப வேண்டும். வாசல் இருந்தால்தானே கிளம்புவதற்கு.

“ஆனிக்குள்ள பால் காய்ச்சிருவோம்” என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் அம்மா சாக்குகளைப் பிரிக்கவில்லை. வேண்டிய ஏனத்தை மட்டும் கையை விட்டுத் துழாவி எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் நான் குழாயடியிலிருந்து வந்தபோது, அம்மா அம்மிக்குழவியால் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அதில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டினாள்.

“போகப் போற வீட்டுக்கு எதுக்கும்மா ஆணி?”

“இருக்க வரைக்கும் மூஞ்சியப் பாக்க வேண்டாமாட்டி?”

அடுத்தடுத்த நாட்களில் சாக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

அந்த வளவில் பெண்கள் பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீசிலிருந்து கட்டை வாங்கி வந்து அடுக்குபவர்கள். கட்டை என்பது பள்ளம் பள்ளமாக வெட்டிய மரச்சட்டம். பள்ளத்துக்கு ஒரு குச்சியாகப் படுக்கவைத்து அடுக்க வேண்டும். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் நடுத்தளத்தின் நிழல் பக்கம் வந்து உட்காருவார்கள். முதலில் அம்மா நிலைப்படியில் நின்று பார்த்தாள். பிறகு அடுத்த வீட்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கட்டையில் சும்மா நாலு குச்சி அடுக்கிப் பார்த்தாள். பிறகு தனக்கென்று ஒரு கட்டை வாங்கிக்கொண்டாள்.

“ஏட்டி, ஒங்கம்மைக்கு என்ன, கையா மிசினா? நேத்து வந்தவ என்னைய முந்துதா” என்று அந்த அக்கா என்னிடம் புகார் சொன்னாள்.

“சும்மா இரிங்கக்கா” என்று அம்மா சிரித்தாள். அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டு முற்றத்தில் அவள் காலை நீட்டி நான் பார்த்ததில்லை. எந்த நேரமும் பெரியப்பா வருவார். எழுந்து உள்ளே போக வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் தீப்பெட்டி வேலை பார்ப்பதில்லை என்பதும் பெரியப்பா வைத்த சட்டம்தான். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். அவர் ஷிப்ட் முடிந்து வந்து, கட்டைகளை மிதிக்காமல் ஓரமாக நடந்து போய்ப் படுத்துக்கொள்வார்.

காலையில் நானும் அம்மாவும் வேலை நடக்கும் இடத்துக்குப் போவோம். அதுவரை வாய் திறக்காத அம்மா, அங்கே குறை சொல்ல ஆரம்பித்தாள். அடுப்படி ஜன்னல் சின்னதாக இருக்கிறது என்றாள், பெரிதாக்கினார்கள். மேடை உயரமென்றாள், இடித்துத் தாழ்த்தினார்கள். பிறகு ஜன்னல் மேடைக்கு நேராக இல்லை என்றாள். எனக்கு உள்ளுக்குள் பதறும். ஆனாலும் அம்மா நல்ல வீடு வேண்டுமென்றுதானே கேட்கிறாள் என்று பெருமையாகவும் இருக்கும்.

“அரமனை கட்டுதால்லா, லேசுல முடியுமா?” என்று பெரியம்மா முற்றத்தில் நின்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

கொத்தனார் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, “மதினி, நெசமாச் சொல்லுங்க. ஒங்களுக்கு வீடு முடியணுமா, வேண்டாமா?” என்று கேட்டார். சித்தாள்கள் சிரித்தார்கள். பெரியம்மாகூடச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

ஆனி கடைசியில் புறவாசலுக்கு நிலை வைப்பது ஒன்றுதான் பாக்கி. நாள் பார்த்து, மஞ்சளும் குங்குமமும் தயாராக இருந்தன. ஆசாரி நிலையைக் கொண்டுவந்து முற்றத்தில் கிடத்தியிருந்தார். அம்மா குனிந்து, மேலிருந்து கீழாக அதைக் கையால் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் கை நின்றது.

“இங்கன ஒரு கணு இருக்கே.”

“கணு இல்லாத மரம் எங்கன இருக்கு தாயி? புறவாசலுக்குத்தான.”

“எந்த வாசலா இருந்தாலும் கணு உள்ள நிலை குடும்பத்துக்கு ஆகாது. அக்காதான் சொல்லுவாவ” என்று அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள்.

பெரியம்மா அப்படிச் சொல்லக்கூடியவள்தான். தெருவில் யார் நிலை வைத்தாலும் போய்க் கணு பார்த்துச் சொல்வது அவள்தான். அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா நிலையைப் பார்த்தார். கடைசியில், “ஆகாதுதான்” என்றாள்.

ஆசாரி நிலையைத் தூக்கிக்கொண்டு போனார். வேறு மரம் பார்த்து இழைப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் நிலை வைப்பதில்லை, புது அடுப்பில் பால் காய்ச்சுவதுமில்லை. இனி ஆவணிதான் என்றார் பெரியப்பா.

கொடையன்று நாங்கள் விருந்தாளிகளைப்போல எங்கள் தெருவுக்குப் போனோம். பெரியப்பா மகள் பாவாடை தாவணியில் முளைப்பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு, அவள் வீட்டு வாசலிலிருந்து இறங்கினாள். எங்கள் வாசலில் மணலும் ஜல்லியும் குவிந்து கிடந்தன. நான் அதன்மேல் ஏறி நின்று பார்த்தேன். அம்மா என் தலையைத் தடவினாள்; நான் கையைத் தட்டிவிட்டேன்.

“அழாதட்டி. ஒனக்கு அடுத்த வருசமும் கொடை வரும்லா” என்றாள். சமாதானம் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ‘ஒனக்கு’ என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

ஆவணியில் திரும்பினோம். வளவை விட்டுக் கிளம்பும்போது நான் ஞாபகமாக ஆணியைப் பிடுங்கப் போனேன். “அது இருக்கட்டும்” என்றாள் அம்மா. அப்பா என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

புது அடுப்பில் பால் பொங்கியது. பெரியம்மா குலவையிட்டாள். நான் அறை அறையாக ஓடினேன். கணு இல்லாத நிலையில் புறவாசல் கதவு நின்றது. ஆனால் அவசரத்தில் தாழ்ப்பாளைத் தப்பாக அடித்திருந்தார்கள். கதவைத் தோளால் முட்டித் தூக்கினால்தான் கொண்டி விழும். அம்மா பார்த்தால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா பார்த்தாள். தோளால் முட்டித் தூக்கித் தாழ் போட்டுவிட்டு, பால் சட்டியைக் கழுவப் போனாள். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. சொன்னால் சரிசெய்து தந்திருப்பார்கள். பெரிதாக்கிய ஜன்னலைக்கூட அவள் அதிகம் திறக்கவில்லை.

ஒருவழியாக அம்மாவுக்கு வீடு பிடித்துவிட்டது என்று நான் தெருப்பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.