கூடாரத்துக்குக் கீழே விரிக்க

கடல் பொங்கி ஊருக்குள் வந்து பதினொரு மாதம் கழிந்தும் தச்சுவேலை செய்கிற வேர்னன் பாஸ் தன்னுடைய வளவில்தான் படுத்தார். டச்பாரில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கிற மணல் துண்டில், அவருடைய வீடு நின்ற இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிச்சம். மனைவி மேர்டிலைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அதனால் சேமக்காலையிலும் அவளுக்கென்று ஓர் இடம் இல்லை. அவள் திரும்பி வந்தால் இந்த வளவுக்குத்தான் வருவாள், வேறெங்கே போவாள் என்று அவர் நினைத்தார். அதை யாரிடமும் வாதாடியது கிடையாது.

கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் ஒன்றும் கட்டக்கூடாது என்று அறிவித்திருந்தார்கள். அளக்க வந்த உத்தியோகத்தரிடம், கூடாரமும் கட்டடமா என்று பாஸ் கேட்டார். அந்த மனிதர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"விடிஞ்சு நான் வரக்குள்ள நிண்டா அது கட்டடம்."

ஆகவே ஒவ்வொரு பின்னேரமும் கூடாரத்தை அடிப்பார். விடிந்ததும் சுருட்டி, சைக்கிளில் உளி வாள்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். அகதி முகாம்களை விட்டுப் புது வீடுகளுக்குப் போகிறவர்களுக்கு நிலையும் கதவும் செய்கிற வேலை. சந்தியில் நின்ற படையினர் முதல் மாதம் முழுக்கக் கூடாரத்தை விரித்துக் காட்டச் சொன்னார்கள். பிறகு கையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

அது நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. மலை ஏறுகிறவர்கள் முதுகில் சுமக்கிற சின்னக் கூடாரம், இரண்டு கிலோவும் வராது. ஆனால் அதன் அடிச்சீலை வெங்காயத் தோல்போல மெல்லியது. படுத்தால் முதுகு அழுத்துகிற இடத்தில் ஈரம் ஊறும். கார்த்திகை மழை தொடங்கினால் அதில் படுக்க முடியாது. கீழே ஏதாவது விரிக்க வேண்டும், அது பாரமில்லாததாகவும் இருக்க வேண்டும். கடல் வந்த அன்று பூவரச மரத்தைப் பிடித்துத் தொங்கியதில் அவருடைய வலது தோள் விலகி, சரியாகப் பொருந்தாமலே போய்விட்டது.

முதலில் முகாமில் கொடுத்த நீலத் தறப்பாளை விரித்துப் பார்த்தார். நல்ல உறுதிதான். நனைந்தால் மணலையும் அள்ளிக்கொண்டு ஒரு மூட்டை அரிசிபோலக் கனத்தது. இரண்டாம் நாளே தோள் வீங்கியது. பன்பாய் பாரமில்லை, ஆனால் தண்ணீரைக் குடித்து ஒரு வாரத்தில் பூஞ்சணம் பூத்துப்போனது. உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்தார். இழைகளுக்கூடாக ஈரம் வந்தது. மெல்லிய பொலித்தீன் தூக்கச் சுகம், மூன்று நாளில் ஓட்டை விழுந்தது. கடற்கரையில் படர்கிற இராவணன் மீசைப் புல்லின் முள் குத்தியிருக்கும் என்று மணலைக் கிளறிப் பார்த்தார். மூன்று அங்குல ஆணி ஒன்று கிடைத்தது. அவருடைய கூரையில் அவரே அடித்த ஆணி.

அதன் பிறகுதான் காத்தான்குடிக்கு, றஸீனாவிடம் போனார். ஓட்டோக்களுக்குப் படங்குச் சீலையும் ஆட்களுக்கு மழைக்கோட்டும் தைக்கிற பெண் அவள். அவளுடைய தங்கச்சியையும் கடல் எடுத்திருந்தது, ஆனால் இரண்டாம் நாள் கண்டெடுத்து அடக்கிவிட்டார்கள். உள்பக்கம் பூச்சுப் பூசிய சாம்பல் நிறத் துணி ஒன்றை எடுத்துப் போட்டாள். குடைத்துணியைவிடக் கொஞ்சம் தடிப்பு. பாஸ் அதை மடித்து இடது கையில் வைத்துப் பார்த்தார், வலது கைக்கும் மாற்றிப் பார்த்தார். பிறகு துணியில் தண்ணீர் ஊற்றி, கீழே உள்ளங்கையை வைத்து அமத்திக்கொண்டு நின்றார்.

"அரிசி வாங்கவும் இப்பிடித்தான் பாப்பீங்களா பாஸ்?" என்றாள் அவள்.

கூடாரம் ஏழடி நீளம், நாலடி அகலம். பாஸ் ஒன்பதடி நீளம் கேட்டார். றஸீனா நாடாவைக் கீழே வைத்தாள். விரிப்பு கூடாரத்தைவிட ஒரு சாண் குறைவாக இருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் மேலிருந்து வடிகிற மழை அதில் விழுந்து நேரே அடிக்குள் போகும் என்று சொன்னாள். பாஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒன்பதடியே இருக்கட்டும் என்றார். அவள் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

மழை வந்தது. முதல் நாள் விடியும்போது இடுப்புவரை ஈரம். பாஸ் கூடாரத்தின் வாசலை வாவிப் பக்கம் திருப்பினார். அடுத்த நாள் தண்ணீர் ஓடச் சுற்றிவரக் கான் வெட்டினார். மூன்றாம் நாள் சாமான்களை எல்லாம் ஒரு பக்கம் குவித்து, மறுபக்கம் குந்திக்கொண்டிருந்து விடியவைத்தார். இருமல் பிடித்தது. நிலை செதுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் உட்கார்ந்துவிட்டதாக வேலையிடத்தில் சொன்னார்கள்.

அது டவுனில் இருந்த தம்பி டரலின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை டரல் மோட்டார் சைக்கிளில் வந்து, தூக்கி நிமிர்த்தியிருந்த கூடாரத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் சொட்டியது. வீட்டில் முன்னறை சும்மா கிடக்கிறது, பிள்ளைகள் பெரியப்பா எங்கே என்று கேட்கிறார்கள், சமாதானம் என்று பேர்தானே, ஆறு மணிக்குப் பிறகு ரோட்டில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்றும் தெரியவில்லை என்றெல்லாம் சொன்னார். பாஸ் கயிறு சுற்றிக்கொண்டே நின்றார்.

"போதும் மேன். அவள் வரமாட்டாள்."

பாஸ் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். டரல் பேச்சை மாற்றினார். நாளைக்கும் இப்படி நனைந்து கிடந்தால் கூடாரத்தையும் ஆளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போவேன், காய்ந்திருந்தால் வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பாஸுக்குத் தம்பியின் குணம் தெரியும். சொன்னால் செய்வார்.

அன்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு றஸீனாவிடம் போனார். நனைந்த விரிப்பை மேசையில் வைத்து, வேறு துணி இருக்கா என்று கேட்டார். அவள் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"சீலையில பிழை இல்ல பாஸ். முன்னுக்கு ரெண்டடி நீட்டிக்கொண்டு நிக்கிதுதானே, அதுதான் தண்ணியக் கூட்டிப்போகுது. அது என்னத்துக்கு உங்களுக்கு?"

பாஸ் கடையில் வேறு ஆளில்லை என்று பார்த்துக்கொண்டார். மேர்டிலுக்கு மண் காலோடு உள்ளே வருவது பிடிக்காது, இருபத்தாறு வருடமும் அதற்குத்தான் அவரோடு சண்டை, வாசலில் காலைத் தட்டாமல் அவளும் நுழையமாட்டாள், மற்றவர்களையும் விடமாட்டாள் என்றார். அந்த இரண்டடி, வந்தால் அவள் நிற்க.

றஸீனா தையல் மெஷினின் சில்லைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்தினாள்.

"இத்தின நாளைக்குப் பொறகு வாற ஆள், மண் காலோட உள்ள வந்தாத்தான் என்ன பாஸ்?"

அவர் கத்தரிக்கோலைத் தரச் சொன்னார். அவள் வெட்டித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று தானே வெட்டினார், கோடு கிழித்துத்தான் வெட்டினார். முன்பக்கம் இரண்டடியும், பிறகு நாலு பக்கமும் கூடாரத்துக்கு ஒரு சாண் உள்ளே நிற்கிற மாதிரியும். அவள் புது ஓரத்தை மடித்துத் தைத்தாள்.

அன்றைக்குப் பெய்தது சின்ன மழை இல்லை. வாவி கரைக்கு மேலே ஏறியது. விடிய டரல் மழைக்கோட்டோடு வந்து கூடாரத்துக்குள் தலையை விட்டார். உள்ளங்கையால் நடுவைத் தடவினார், மூலைகளைத் தடவினார். பாஸ் படுத்த இடம், படுக்காத இடம் எல்லாம் காய்ந்தே இருந்தது.

"சரி," என்றார் டரல்.

கொடுத்த வாக்கின்படி வேறொன்றும் பேசவில்லை. கொண்டுவந்த பாணைப் பையோடு கொடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் சந்திவரைக்கும் கேட்டது. பிறகு மழை மட்டும்.

பாஸ் கூடாரத்துக்குள் உட்கார்ந்தார். இத்தனை நாளாகத் தண்ணீர் இறைப்பதும் துடைப்பதும் சாமான் மாற்றுவதுமாகக் காலை போய்விடும். இன்று துடைக்க ஒன்றுமில்லை. வேலைக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. பாணில் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தார். தம்பி இன்னும் கொஞ்ச நேரம் நின்று சண்டை பிடித்திருக்கலாம் என்று நினைத்தார்.