அக்கா கொடுத்த மோர்

என் உடம்பில் இப்போது வேலை செய்யும் சிறுநீரகம் என் அக்காவுடையது. அதைக் காப்பாற்றுவதுதான் இரண்டு வருடமாக என் முழுநேர வேலை. காலை ஒன்பது, இரவு ஒன்பது. கைபேசி அலறியதும் மாத்திரை. இரத்தப் பரிசோதனை நாளில் மட்டும் காலை மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவேன். இரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தில் தண்ணீர் பாட்டிலைத் தேடி ஓடியவன் நான். "மாப்ள, ஒம்பதாகப் போகுது, கெளம்பு" என்று கோச்சடையில் எங்கள் தெருவே கேலி செய்யும்.

அப்படிப்பட்டவனைப் பார்த்து டாக்டர் கேட்டார்: "மாத்திரைய எத்தன தடவ விட்டீங்க?"

கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் மக்கர் செய்தால் இரத்தத்தில் முதலில் ஏறுவது அதுதான். ஒரு வேளைகூட விடவில்லை என்றேன். "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. நாட்டு மருந்து ஏதாவது?" சத்தியமாக இல்லை என்றேன். பக்கத்து நாற்காலியில் அக்கா. பின்னால் என் மனைவி. எனக்காக ஒரு வார்த்தை சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அக்கா மடியிலிருந்த ஸ்கேன் உறையின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து காலி மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பி எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்த நாள் அது.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, சிறுநீரகத்திலிருந்து துளி சதையெடுத்துச் சோதித்தார்கள். சிறுநீரகத்தை அந்நியன் என்று நினைத்து என் உடம்பு தாக்கத் தொடங்கியிருந்ததாம். ஊசி ஏற்றினார்கள். இரண்டாம் நாள் மதியம், வழக்கம்போல அக்கா மோர் கொண்டுவந்தாள். நர்ஸ் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அடியில என்னம்மா மண்டியிருக்கு?"

என் மனைவி அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"சீந்தில் பொடி தம்பி," என்றாள் அக்கா. கொட்டாம்பட்டிச் சொந்தக்காரர் கொடுத்த நாட்டு மருந்தாம். "மாத்திரை எதிர்ப்பு சக்தியக் கொறைக்கும்னு டாக்டரே சொன்னாருல்ல? அம்புட்டையும் கொறச்சா நீ எப்படிடா பொழைப்ப? அதான் கொஞ்சம் ஏத்திவிடலாம்னு..."

அந்தச் சக்தியை அடக்கி வைத்தால்தான் அவள் கொடுத்த சிறுநீரகம் என்னிடம் தங்கும். எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

"ஒனக்குத் தெரியுமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"சொன்னா நீங்க குடிக்க மாட்டீகன்னு மதினி சொன்னாக. கிட்னியே குடுத்தவுக கெடுதல் பண்ணுவாகளா?"

மூன்று மாதம். கறிவேப்பிலை தாளித்து, இஞ்சி தட்டிப் போட்டு, ருசியாக ஏமாற்றியிருக்கிறார்கள். பொடி மட்டும்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் தங்களைக் கேட்காமல் எதுவும் உள்ளே போகக்கூடாது என்றார் டாக்டர். பொடியைக்கூட மன்னித்துவிடலாம். அன்றைக்கு டாக்டர் முன்னால் நான் பொய்யனாக உட்கார்ந்திருந்தபோது, உண்மை தெரிந்த இருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்களே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. வேறு யாராவது என்றால் வாசலோடு அனுப்பியிருப்பேன். எனக்காக வயிற்றில் தழும்போடு நிற்பவளை என்னவென்று திட்டுவது?

கிரியேட்டினின் இறங்கியது. பழைய அளவுக்கு வரவில்லை; இனி வராது என்கிறார்கள்.

அக்கா இப்போதும் வெயில் நாளில் மோர் கொண்டுவருகிறாள். என் கண் முன்னால் ஒரு வாய் தானே குடித்துக் காட்டிவிட்டு நீட்டுகிறாள். "வச்சிட்டுப் போக்கா, பெறகு குடிக்கிறேன்" என்பேன். தெரு முனையில் அவள் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, கொல்லையில் கொட்டுகிறேன். அவள் கொடுத்த சிறுநீரகத்தால்தான் உயிரோடு இருக்கிறேன். அவள் கொடுக்கும் மோரைக் குடிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.