பட்டியலில் ஏழாவது வரி

மெத்தை என்று ஒரு மனிதருக்குப் பெயர் இருந்தால், ஆள் குண்டாக இருப்பார், இல்லாவிட்டால் சோம்பேறியாக இருப்பார் என்று நினைப்பீர்கள். இரண்டும் இல்லை. நல்ல உயரம், திரண்ட தோள், ஓயாத உழைப்பு. பகலில் வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும் வேலை. சனிக்கிழமை மாலைகளில் மல்யுத்தக் கம்பெனியில் தோற்கிற வேலை. ஆமாம், தோற்கிற வேலைதான். ஒருவன் ஜெயிக்க வேண்டுமென்றால் இன்னொருவன் தோற்றுத்தானே ஆகவேண்டும்? அந்த இன்னொருவனாக இருபத்திரண்டு வருஷம் இருந்தவர் இவர். இவர் தூக்கிப் போட்டால் மெத்தையில் விழுந்த மாதிரி இருக்கும் என்று கூட ஆடியவர்கள் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவருடைய மனைவியே யோசித்துத்தான் சொல்வாள்.

"எல்லாம் முன்னாடியே பேசி வச்சதுதானே?" என்று பல்லைக் காட்டுகிறவர்கள் எங்கேயும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். யார் ஜெயிப்பது என்பதைப் பேசி வைப்பார்கள், சரி. விழுகிற ரிங் பலகையிடம் யாராவது பேசி வைத்திருக்கிறார்களா, மெதுவாக வலிக்கச் சொல்லி? நூறு கிலோ மனிதனைத் தோளுக்கு மேல் தூக்கும்போது அவன் கழுத்து தூக்குகிறவன் கையில் இருக்கிறது. அந்தக் கையை நம்பித்தான் அவன் உடம்பைத் தளர்த்திக் கொடுக்கிறான். அந்த நம்பிக்கை போய்விட்டால் அப்புறம் அவனோடு ஒருவரும் ரிங்கில் ஏற மாட்டார்கள். மெத்தை தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது வாழ்க்கையிலேயே ஒன்றுதான்: "என் கையில ஒரு மனுஷனுக்கும் அடி பட்டதில்ல, ஒரு பீரோவுக்கும் கீறல் விழுந்ததில்ல."

அவர் ரிங்கை விட்டு ஆறு வருஷம் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிக்கெட் கவுண்டர் அக்கா அவர் வீட்டுக்கு வந்தாள். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கண்ணாடி ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தவள். சாம்பியன் பட்டத்தின் வரலாறு முழுவதும் அவளிடம் ஒரு நீள நோட்டில் இருந்தது. யார், எத்தனை நாள், எப்படி ஜெயித்தார் என்று மூன்று கட்டம் போட்டு அவளே எழுதி வந்தாள். கண்ணால் பார்க்காததை எழுத மாட்டாள். பார்த்ததை யார் சொன்னாலும் அழிக்க மாட்டாள். அப்படி ஒரு பிடிவாதக்காரி.

"புது ஹால் திறக்கிறாங்க தம்பி. வாசல்ல பெரிய போர்டு வைக்கப் போறாங்க, ஆரம்பத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் அத்தனை சாம்பியனும். மத்தியானம் பெயிண்டர்கிட்ட லிஸ்ட் குடுக்கணும்."

"குடுங்க. அதுக்கு நான் என்ன செய்யணும்?" என்றார் மெத்தை.

அக்கா நோட்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். காலேஜ் போகும் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

முதல் சாம்பியன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஜெயித்த விதம்: எதிராளி வரவில்லை. இரண்டாமவர் மூன்று வருஷம் அசையாமல் இருந்தார். பெரிய வீரர் என்பதால் அல்ல. அவருடைய இடுப்புக்கு அளவெடுத்துச் செய்த சாம்பியன் பெல்ட் வேறு யார் இடுப்பிலும் நிற்கவில்லை, அதனால் முதலாளி அவரையே ஜெயிக்க வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் பெல்ட்டோடு காதலியையும் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டார். எட்டு மாதம் கழித்து பெல்ட் மட்டும் பார்சலில் திரும்பி வந்தது, கூடவே ஒரு கல்யாண போட்டோ. நாலும் ஐந்தும் அண்ணன் தம்பிகள். ஆறு, சூறாவளி. எட்டு, மறுபடியும் சூறாவளி.

"ஏழு எங்க அத்தை?" என்றாள் மகள்.

அக்கா நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஏழு என்று எண் மட்டும் இருந்தது. பக்கத்தில் மூன்று கட்டமும் காலி.

"முதலாளி எழுதக் கூடாதுன்னாரு. நான் எழுதல. ஆனா நம்பரை விட்டு வச்சேன். பத்தொன்பது வருஷமா அந்த இடம் உங்கப்பாவுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு. இப்ப முதலாளி இல்ல, அவர் பையன் 'உங்க இஷ்டம் அத்தை'ன்னுட்டான்."

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மாலையில் நடந்தது இதுதான். ஜெயிக்க வேண்டியவர் சூறாவளி. அப்போது அவர்தான் சாம்பியன், அவர் உள்ளே நுழைந்தால் ஹால் அதிரும். நடுவில் ஒரு தடவை மெத்தை அவரைத் தூக்கிப் போட்டு மேலே படுக்க வேண்டும். ரெஃப்ரி ஒன்று, இரண்டு எண்ணுவார்; மூன்று எண்ணும் வரை தோள் தரையில் இருந்தால் கீழே கிடப்பவர் தோற்றார். மூன்றுக்கு முன்னால் சூறாவளி தோளை உயர்த்தி எழுந்து, பிறகு மெத்தையைப் பந்தாடி ஜெயிக்க வேண்டும். பேச்சு அப்படி. மெத்தை தூக்கினார், போட்டார், மேலே படுத்தார். வழக்கப்படி யாருக்கும் தெரியாமல் சூறாவளியின் விரல்களை ஒரு தடவை அழுத்தினார். எனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் திருப்பி அழுத்த வேண்டும். அழுத்தவில்லை.

கழுத்தில் அடி பட்டவனை அசைக்கக் கூடாது என்று மட்டும் மெத்தைக்குத் தெரியும். அதனால் தன் முழங்கைகளை இரண்டு பக்கமும் ஊன்றி, அவர் தலையை அசைய விடாமல் அணைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். ரெஃப்ரி பாவம், என்ன செய்வார்? தோள் தரையில் இருந்தால் எண்ணித்தான் ஆகவேண்டும். கடைசி வரிசைக்காரனுக்குக் கூடத் தெரிகிறது, எண்ணுகிற கை நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். "எந்திரிடா, தோளத் தூக்குடா சாமி" என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒரு ஆள் போய் டீ குடித்துவிட்டு வரும் அளவுக்கு இழுத்து இழுத்து மூன்று எண்ணினார். மணி அடித்துவிட்டது!

ஜனங்கள் முன்னால் ஜெயித்தவன் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அது அந்தக் கம்பெனியின் வழக்கம். வெளியூர் போயிருந்த முதலாளி புதன்கிழமைதான் வந்தார். அந்த நாலு நாளும் பெல்ட் மெத்தையின் வீட்டுக் கட்டிலில் கிடந்தது. பல் முளைக்கிற வயதில் இருந்த கைக்குழந்தை அதன் தோல் வாரைக் கடித்துக் கடித்து எச்சில் பண்ணியது. முதலாளி வந்ததும் மணி தவறி அடித்துவிட்டது, ஆட்டம் செல்லாது என்று அறிவித்து பெல்ட்டை வாங்கிச் சூறாவளியிடமே கொடுத்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சாம்பியன் ஆட்டத்துக்கு நடுவில் தூங்கிவிட்டான். அடுத்த வாரம் சூறாவளி உள்ளே நுழைந்தபோது ஹால் முழுவதும் ஒரே குரலில் குறட்டை விட்டது. அதற்கடுத்த வாரமும். மூன்று மாதத்தில் அவர் பட்டம் போனது, பிறகு வரவே இல்லை. முதலாளி அவர் கையில் ஒரு தலையணையைக் கொடுத்துச் சிரிப்புக்காரராக்கிவிட்டார். சிங்கம் மாதிரி வந்த மனிதர் மூன்று வருஷம் தலையணையோடு சுற்றிவிட்டு ஊரை விட்டே போனார். யார் கேட்டாலும், "ஆமா, தூங்கிட்டேன். அதுக்கு இப்ப என்ன?" என்பார்.

இப்போது அக்கா பேனாவைத் திறந்தாள். "மெத்தை, நாலு நாள். அது ஆச்சு. ஜெயிச்ச விதம் மட்டும் சொல்லு தம்பி. எதிராளி தூங்கினார்னு போட்டுடவா? ஊரே அப்படித்தான் சொல்லுது. ஆனா நான் கண்ணால பாத்தது நீ அவர் மேல கிடந்ததை மட்டும்தான்."

மகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து "உங்கப்பா தோத்தாங்கோளி" என்று கேட்டு வளர்ந்த பெண். "அப்பா, நீங்க சாம்பியனா? நான் கடிச்சேன்னு அம்மா சொல்வாங்களே, அந்த பெல்ட்டா அது? போர்டு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கணும்பா!"

மெத்தை எழுந்தார். "வேணாம் அக்கா. காலியாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

மனைவி பின்னாலேயே வந்தாள். "உங்களுக்கு என்ன கிறுக்கா? வாசல் தேடி வந்து மரியாதை பண்றாங்க. ஆயிரம் தடவை தோத்தீங்க, நான் வாய் திறந்தேனா? ஒரே ஒரு தடவை ஜெயிச்சிருக்கீங்க. எழுதினா என்ன குறைஞ்சு போயிடும்?"

"அவர் தூங்கல" என்றார் மெத்தை.

"என்னது?"

"அந்த ஆட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் தூக்கினேன், மூணாவது மாடி. இடது தோள் பிசகிடுச்சு. சொன்னா ஆட்டத்துல இருந்து எடுத்துடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டயும் சொல்லல. அவரத் தூக்கினப்ப பாதியில கை விட்டுடுச்சு. தலை முதல்ல விழுந்துச்சு. என் கையாலதான்." அவர் சமையல் மேடையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவருக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்ல போல, அதான் தூங்கிட்டேன்னு சொல்றாருன்னு நினைச்சேன். ரெண்டு தடவை அவர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். வாய் வரைக்கும் வந்துச்சு, வெளியே வரல. ஒருத்தனுக்கும் அடி பட்டதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன் பாரு, பொய்."

மனைவிக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. அந்த வாரம் குழந்தையை வலது கையிலேயே வைத்திருந்தாரே, ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மனுஷன் தலகாணியோட சுத்தினாரே... இப்ப போர்டுல வேற தூங்கினார்னு எழுதப் போறாங்க. அதுக்கு நீங்க வாயை மூடிக்கிட்டு இருப்பீங்களா? காலியா விட்டாலும் கேக்கறவன் அதைத்தான் சொல்லுவான். போங்க. போய் சொல்லுங்க."

மெத்தை கூடத்துக்கு வந்து மகள் முன்னாலேயே எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னார். மகள் முகம் வாடியதை அவர் பார்த்தார், இருந்தும் நிறுத்தவில்லை. "கை நழுவியதுன்னு எழுதுங்க அக்கா" என்று முடித்தார்.

அக்கா உடனே எழுதவில்லை. "ஒருத்தர் சொன்னா பத்தாது தம்பி. இது அவர் கதையும்தான். அவரையும் ஒரு வார்த்தை கேக்கணும்." போனை எடுத்து நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜை மேல் வைத்தாள். சூறாவளி வேறு ஊரில் டயர் கடை வைத்திருந்தார். காற்றடிக்கும் மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது. அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டு, "மெத்தை பேசணுமாம்" என்றாள்.

"டேய் மெத்தை! உயிரோடதான் இருக்கியா?"

"அண்ணே, அன்னைக்கு நீங்க தூங்கல. என் தோள் பிசகியிருந்துச்சு. நான்தான் விட்டுட்டேன்."

"யார் சொன்னா? நான் தூங்கினேன். நல்லாத் தூங்கினேன். கனவு கூட வந்துச்சு."

"அண்ணே, விளையாடாதீங்க."

மெஷின் சத்தம் நின்றது. கடைப் பையனை வெளியே அனுப்பியிருப்பார் போல. பிறகு வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

"நீ தூக்கும்போதே எனக்குத் தெரியும்டா. உன் கை நடுங்குச்சு. நழுவி இறங்கி வேற பிடி போட்டிருக்கலாம். ஜனங்க எந்திரிச்சு நின்னு கத்துறாங்க, எனக்குத் திமிரு, இறங்கல. கண்ணு முழிச்சுப் பாக்கறேன், என் தலைய கட்டிப் பிடிச்சுக்கிட்டு நீ அழுவுற. அண்ணே அண்ணேங்கற. அப்பவே முடிவு பண்ணிட்டேன். மெத்தை கைவிட்டுட்டான்னு ஒரு வார்த்தை வெளியே போனா அப்புறம் எவன்டா உன் கைய நம்பி ஏறுவான்? வீட்டுல கைக்குழந்தைய வச்சிருந்த."

மூன்று வருஷம் அந்த மனிதர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நுழைந்ததெல்லாம் மெத்தையின் கண் முன்னால் வந்தது. தெரிந்தேதான் அந்தப் பழியைச் சுமந்திருக்கிறார். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா," என்றார் சூறாவளி, "தூங்கினார்னே எழுதுங்க. எனக்கு ஒன்னும் இல்ல. பழகிப் போச்சு. அவன் கையில எனக்கு அடி படல. அடி பட்டவன் நான், நானே சொல்றேன், படல. அவன் அந்தப் பேரோடவே இருக்கட்டும்."

"இல்லண்ணே" என்றார் மெத்தை.

"சொன்னாக் கேளுடா."

"கேக்க மாட்டேன். இருபத்திரண்டு வருஷம் யார் சொன்னாலும் விழுந்தேன். சின்னப் பசங்க சொன்னா கூட விழுந்தேன். இதுல விழ மாட்டேன். இந்த ஒன்னுல நான் தோக்க மாட்டேண்ணே."

அவர் போனிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் சூறாவளி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரிடா" என்றார் அவர். "நீ ஜெயிச்சுட்ட."

அக்கா கட்டத்தில் எழுதினாள்: கை நழுவியது. எழுதியதைச் சத்தமாக ஒரு தடவை படித்துக் காட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்தும் இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.