ஆடிக்காற்றும் துணிக்கொடியும்

எனக்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை. குழந்தையிலேயே அறுவை சிகிச்சை செய்து சரிசெய்தார்கள். அது தெரிந்துதான் பொள்ளாச்சிக்காரர்கள் என்னைப் பெண் எடுத்தார்கள். அதனாலேயே, மூச்சு வாங்குவதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

வருடாந்திர எக்கோ இதயப் பரிசோதனைக்காகக் கோவைக்கு மாமியார் உடன் வந்தார்.

"படி ஏறுனா சிரமம் இருக்குதாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க."

"அவ சொல்லமாட்டாளுங்க டாக்டர்," என்றார் அத்தை. "துணி காயப்போட மாடி ஏறுனா, தோப்பப் பாக்கற மாதிரி பாதிப் படியில நின்னுக்குவா. அதான் கொடியக் கீழ கட்டிப்போட்டனுங்க."

ஆடிக்காற்றில் துணி பறக்கிறது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்.

டாக்டர் எக்கோவில் மறுபடி நிதானமாக அளந்தார். இதய வால்வு ஒன்று கசிந்ததால், இதயத்தின் வலது பக்கம் அளவுக்கு மீறி உழைத்து விரிந்திருந்தது. "இதத் தெரிஞ்சுக்கத்தான் ஒவ்வொரு தடவையும் கேக்கறோம்," என்றார். புது வால்வு வைத்தார்கள்.

நான் தேறியதும் ஒருநாள் அத்தை சொன்னார்: "காத்து நின்னுபோச்சு கண்ணு. கொடிய மேலயே கட்டிக்கலாம்."

கயிற்றோடு நான் முன்னால் ஏறினேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், பாதிப் படியில் அத்தை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இறங்கிவந்து, தோப்பைப் பார்க்கிற மாதிரி அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.