குட்டி நாட்டின் முதல் தொழில் முனைவோர்

1. நாடு

பொருளாதாரத்தில் பட்டம் பெற்று, அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னிடம் ஒரு நாட்டை ஒப்படைத்தார்கள். வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே ஸ்ரீரங்கம். கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களைக் கொண்டு உள்ளூர்த் தொழிலை வளர்ப்பதற்கென அமைந்த குழுவுக்கு நான் அமைப்பாளர்.

"இதை ஊர்னு நினைக்காதீங்க தம்பி" என்றார் குழுத் தலைவர். அவர் ஓய்வுபெற்ற அதிகாரி. "சுத்தித் தண்ணி, நடுவில ஜனம். குட்டி நாடு! ஆனா வர்றவன் பூரா கட்டுச்சோறு கொண்டாந்துடறான். அத்தனையும் இறக்குமதி. அதை நிறுத்தினா நாடு முன்னேறிடும்."

யாத்திரிகர்கள் காவிரியில் குளித்து, பெருமாளைச் சேவித்து, மறுபடி படித்துறைக்கு வந்து வீட்டுப் புளியோதரையைப் பிரிப்பது உண்மைதான். எனவே படித்துறை ஓரம் ஒரு மாதிரி கேன்டீன் தொடங்குவதென முடிவாயிற்று. குழு உறுப்பினரான பாத்திர ஆலை முதலாளி, தொழில்துறை ஒத்துழைப்பின் அடையாளமாக அலுமினியத் தட்டுகளை இலவசமாகத் தந்தார். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் அவருடைய கம்பெனிப் பெயர் பெரிதாகப் பொறித்திருந்தது.

2. இடம்

கேன்டீனுக்குத் தேர்ந்தெடுத்த இடத்தில் செல்லாயி உட்கார்ந்திருந்தார். மருங்காபுரிப் பக்கத்தவர். மழை பொய்த்த வருஷம் பிழைக்க வந்து, கட்டுச்சோற்றுக்காரர்களுக்குத் தையல் இலை விற்றுவந்தார். ஊரில் மூன்று குடும்பங்கள் இலை பறித்துத் தைத்து பஸ்ஸில் அனுப்பின. அந்த மூன்று அடுப்புகளும் இவர் விற்பனையில்தான் எரிந்தன. நாம் தேடும் தொழில் முனைவோர் இவரே என்று கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன்.

தலைவர் சிரித்தார். "தொழில் முனைவோர்னா ஷெட் வேணும், மிஷின் வேணும், போர்டு வேணும் தம்பி. இந்தம்மாகிட்ட ஒரு சாக்குதானே இருக்கு?"

அத்துடன் சாப்பாட்டு இடைவேளை. எல்லோரும் வீட்டு டிபன் கேரியரைத் திறந்தார்கள். பியூன் ஓடிப்போய்ச் செல்லாயியிடம் இலை வாங்கிவந்தார். சாப்பிட்டுக் கை கழுவியபின், அவரை அப்புறப்படுத்தும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

செய்தியைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள்.

"முடிவு பண்ணிட்டு சாப்பிட்டாங்களா, சாப்பிட்டுட்டு முடிவு பண்ணாங்களா சார்?" என்று கேட்டார் செல்லாயி.

"சாப்பிட்டுட்டுதாம்மா."

"இலை கிழியாம இருந்துச்சுல்ல?"

சாக்கைத் தூக்கிக்கொண்டு லால்குடி பஸ் நிற்குமிடத்துக்குப் போய்விட்டார். அங்கே உட்கார்ந்து சாப்பிடுவோர் யாருமில்லை. கட்டுக் கட்டாக இலை காய்ந்து நொறுங்கியது. இப்படியே போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்றார்.

3. திறப்பு விழா

சாம்பார் வாசனைக்கு முதல் பந்தி நிறைந்தது. இரண்டாம் பந்திக்கு வந்த லால்குடிப் பக்கத்துப் பெண்கள், தொட்டியில் முங்கியெழுந்து திரும்பி வந்த தட்டுகளைப் பார்த்தார்கள்.

"இது இப்ப அந்த ஆளு சாப்பிட்ட தட்டுல்ல?"

"கழுவியாச்சும்மா."

"பெருமாளைச் சேவிச்ச கையோட எச்சில் தட்டுல திங்கச் சொல்றீங்களா? நல்லா இருக்கே!"

பந்தியே எழுந்து படித்துறைக்குப் போனது. மூட்டைகள் பிரிந்தன.

"தலைக்கு ஒரு புதுத் தட்டு குடுத்திடலாமே" என்றார் முதலாளி.

"அதையும் இலவசமா தருவீங்களா?" என்றார் தலைவர். முதலாளி காவிரியைப் பார்த்தார்.

நாமே தட்டில் சாப்பிட்டு வழிகாட்டலாம் என்று யோசனை பிறந்தது. ஸ்ரீரங்கத்து உறுப்பினரான ஐயங்கார் பின்வாங்கினார். "அடியேனுக்கு ஆத்துத் தளிகைதான். வெளியிலே வழக்கமில்லை." முதலாளிக்கு அன்று சனிக்கிழமை விரதம். தலைவருக்கு வயிற்றுப்புண். மூவர் பார்வையும் என்மேல் விழுந்தது. நாட்டின் முன்னேற்றத்துக்காக நான் சாப்பிட்டேன். என்னைப் பின்பற்ற ஒருவரும் வரவில்லை.

கடைசியில் தலைவர் மெதுவாகக் கேட்டார்: "அந்த இலைக்காரம்மா எங்கய்யா?"

ஓடினேன். செல்லாயி எழுந்திருக்கவில்லை. "தட்டெல்லாம் என்ன ஆச்சு சார்?"

"இருக்கும்மா. யாரும் தொடமாட்டேங்கறாங்க."

"அப்ப இலை தரேன். ஆனா என் பழைய இடத்துலதான் உக்காருவேன். கட்டுச்சோத்துக்காரங்களுக்கும் விப்பேன். சரின்னா சொல்லுங்க."

இறக்குமதிக்கு அனுமதி தருவதைத் தவிர நாட்டுக்கு வேறு வழியில்லை. கேன்டீனின் வாசலை நாலடி நகர்த்தி அவருக்கு இடம் விட்டோம். முதலாளி மனம் கோணாதிருக்க, தட்டின்மேல் இலையை விரித்துப் பரிமாறினோம். கம்பெனிப் பெயர் இலைக்கடியில் பத்திரமாக இருந்தது.

ஆண்டறிக்கையில், 'குழு உருவாக்கிய தொழில் முனைவோர்: ஒருவர்' என்று எழுதச் சொன்னார் தலைவர்.

"அவங்க முன்னாடியே இருந்தாங்களே சார்?"

"இருந்தாங்க. நாமதானே எழுப்பி மறுபடி உக்கார வெச்சோம்?"

இத்துறைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். எதையும் உருவாக்கப் புறப்படுமுன், அந்த இடத்தில் ஏற்கனவே உட்கார்ந்திருப்பவர் யாரென்று பாருங்கள். அவரை எழுப்பித்தான் ஆகவேண்டும் என்று தோன்றினால், தீர்மானத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே போடுங்கள். பசி இருக்கும்வரை இலையின் அருமை மறக்காது.