எழிலரசியின் ஏழு நோட்டுகள்

மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "டாக்டருக்கு" என்பார் சுப்புராயன். கேட்டவர் ஊசி போடும் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு போனால் திருத்தவும் மாட்டார். கடலூர் முதுநகர் ஜங்ஷனில் முப்பத்து நாலு வருஷம் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்தவர். தண்டவாளத்தை எந்தப் பக்கம் திருப்பினால் எந்த வண்டி எங்கே போகும் என்பது அவருக்கு அத்துப்படி. வரலாறு படித்தால் எங்கே போய்ச் சேரும் என்பதுதான் கடைசிவரை பிடிபடவில்லை.

எழிலரசி அவருக்கு ஒரே பிள்ளை. அண்ணாமலை நகரில் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டுக்கு வர இருந்தவளை, பேராசிரியர் ஸ்ரீமதி விடவில்லை. ஆராய்ச்சிக்கு உதவித்தொகை இருக்கிறது, விண்ணப்பம் போடு என்று உட்காரவைத்து எழுதவைத்தார். கிடைத்தும் விட்டது. அது 2004. வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்கிற ஊர் இது. ஒரு காலத்தில் முதுநகர்க் கிடங்குகளில் மல்லாட்டை மலைபோல் வந்து குவியும். பெண்கள் உட்கார்ந்து உடைத்துக் கொடுக்க, பருப்பு கப்பலேறும். அந்தப் பெண்களின் வாய்மொழியை எழுதி வைப்பதுதான் எழிலரசியின் ஆராய்ச்சி.

"மல்லாட்ட ஒடைச்சவ கதைய எழுதறதுக்கு ஒரு யுனிவர்சிட்டியா?" என்றார் சுப்புராயன்.

"கப்பலுக்குச் சொந்தக்காரன் கதைய எழுதி வச்சிருக்காங்கல்லப்பா? அந்த மூட்டைய ரொப்புனது யாரு?"

"வெளிய சொல்லாத. சிரிப்பாங்க."

அவள்தான் சிரித்தாள். டேப் ரெக்கார்டரை நீட்டினால் அந்தப் பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று, கையாலேயே எழுதினாள். நீளமான நோட்டு, மை பேனா. பால்பாயிண்டில் எழுதினால் கை வலிக்கிறது என்பாள். மூன்று வருஷத்தில் ஏழு நோட்டு நிரம்பியது. துறைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்க அறிக்கை கொடுத்தால் போதும். மற்றதெல்லாம் நோட்டில் இருந்தது. இனி உட்கார்ந்து இயல் இயலாக எழுத வேண்டியதுதான் பாக்கி என்று இருந்தபோது, 2007 ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். புதுச்சேரியில் ஒன்பது நாள் வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒன்பது நாளைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவளுக்கு இருபத்தாறு வயது.

கருமாதி முடிந்த வாரம் ஸ்ரீமதி வீடு தேடி வந்தார். எழிலரசியின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு சுப்புராயனிடம், "ஐயா, அந்த நோட்டுகளைக் குடுத்தீங்கன்னா அவ பேரிலேயே புத்தகமா கொண்டு வந்துடலாம். வீணாப் போகக்கூடாது" என்றார்.

சுப்புராயன் எழுந்து எடுத்துக் கொடுத்திருப்பார். மச்சான் ராஜமாணிக்கம் கண்ணைக் காட்டினான். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று அனுப்பிவைத்தார்.

"ஏமாந்துடாதீங்க மாமா," என்றான் ராஜமாணிக்கம், அந்தம்மா தெருமுனை தாண்டுவதற்குள். "நோட்டு அங்க போச்சின்னா வேற எவனாச்சும் அத வச்சி டாக்டர் பட்டம் வாங்கிப்பான். நம்ம புள்ள பேரு மூலையிலகூட இருக்காது. ஜாஸ்தி படிச்சவங்கள நம்பவே கூடாது."

ராஜமாணிக்கம் பல்கலைக்கழகத்துக்குள் போனது, மருமகளுக்கு ஒருநாள் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோனபோது மட்டும்தான். ஆனால் யோசனை சொல்ல ஊரில் தகுதி எதற்கு? பெண்ணைப் பறிகொடுத்தவர் மனதில் அது ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. ஏழு நோட்டையும் மனைவி கொளஞ்சியம்மாளின் பழைய புடவையில் சுற்றி, அந்துருண்டை போட்டு, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பூட்டும் முன் மேல் நோட்டை ஒருமுறை திறந்தார். முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தைப் பார்த்ததும் மூடிவிட்டார். அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

ஆனால் அவள் பெயரை நாலு பேர் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவரை விடவில்லை. 2008இல் ஓய்வு பெற்றபோது கிடைத்ததில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்த் துறையில் கட்டினார். அதன் வட்டியில் வருஷா வருஷம் மார்ச் மாதம் 'எழிலரசி நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு' நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். சுப்புராயன் சலவைச் சட்டையும் வேட்டியுமாக பஸ் ஏறிப்போய் முதல் வரிசையில் உட்காருவார். ஒரு வருஷம் கோயில் கல்வெட்டு, ஒரு வருஷம் வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சம். நல்ல பேச்சுதான். கடைசியில் தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். அழைப்பிதழை அவர் வீட்டுச் சுவரில் ஒட்டி வைப்பார்.

ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது ஸ்ரீமதி பஸ் நிறுத்தம்வரை கூடவே வருவார். "ஐயா, அந்த நோட்டு..."

"பாக்கலாம்மா."

வீட்டிலும் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். கொளஞ்சியம்மாளுக்கு எழுத்து தெரியாது. வெள்ளிக்கிழமை பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம், "அத எடுத்து ஒரு பக்கம் படிச்சுக் காட்டேன்யா" என்பாள்.

"படிச்சா புள்ள திரும்பி வந்துடுவாளா?" என்று எரிந்து விழுவார். அவருக்குத் தாங்காது, அதனால் கோபம். அவள் மறுபேச்சு பேசமாட்டாள். சும்மாவே அதிகம் பேசாதவள். 2010 கோடையில் ஒருநாள் சமைத்து இறக்கிவைத்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொரு வருஷ வாழ்க்கை, போகும்போதும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள்.

அதற்கடுத்த வருஷக் கடைசியில், டிசம்பர் முப்பதாம் தேதி விடிகாலை, தானே புயல் கடலூரில் கரையேறியது. ஓட்டு வீட்டின் ஓடுகள் காகிதம்போல் பறந்தன. சுப்புராயன் பக்கத்து மாடிவீட்டில் போய் ஒதுங்கினார். மரம் அறுக்க, கூரைக்குத் தார்ப்பாய் தேட, குடிதண்ணீருக்கு வரிசையில் நிற்க என்று மூன்று நாள் ஓடியது. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது, என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டார். பூட்டு திருடனுக்குத்தானே, மழைக்கா? நாலாம் நாள் இடிபாட்டை விலக்கித் திறந்தபோது பெட்டிக்குள் நீலமாகத் தண்ணீர் நின்றது.

ஒவ்வொரு தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்தார். காய்ந்தது. எழுத்துதான் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படி ஒரு மாதம் அந்த வெளுத்த தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அதே புடவையில் கட்டி எடுத்துக்கொண்டு அண்ணாமலை நகருக்குப் போனார்.

ஸ்ரீமதி முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். ஒரு நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எதுவும் தெரியவில்லை. திட்டியிருந்தால்கூட சுப்புராயனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நாந்தாம்மா கெடுத்துட்டேன்."

"விடுங்க ஐயா. அவ குடுத்த அறிக்கை ஃபைல்ல இருக்கு. இந்த வருஷச் சொற்பொழிவ நானே பேசறேன். அவ ஆராய்ச்சியப் பத்தியே பேசறேன்."

2012 மார்ச். வழக்கத்தைவிடக் கூட்டம். முதன்முறையாக அந்த மேடையில் மல்லாட்டை பற்றிய பேச்சு. ஒரு படி பருப்புக்கு என்ன கூலி, கைக்குழந்தையைக் கிடங்கில் எங்கே படுக்கவைப்பார்கள், தூசியில் இருமி இருமி எத்தனை பேர் செத்தார்கள் என்று அறிக்கையில் இருந்த வரிகளை வைத்துக்கொண்டு ஸ்ரீமதி பேசினார். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இதையா வெளியே சொல்லாதே என்றோம் என்று சுப்புராயனுக்குக் கண் நிறைந்தது.

முடிக்கும் முன், யார் யாரிடம் பேசி எழுதினாள் என்ற பட்டியலை ஸ்ரீமதி அப்படியே வாசித்தார். முப்பத்தொரு பெயர்.

"ஏழு. கொளஞ்சியம்மாள், முதுநகர். வயது நாற்பத்தைந்து. பன்னிரண்டு வயதிலிருந்து கல்யாணம்வரை கிடங்கு வேலை. ஆறு நாள் பேசினார். இதுவரை யாரிடமும் சொல்லாதது என்று அழுதுகொண்டே சொன்னார். விவரம் மூன்றாம் நோட்டில்."

எட்டாவது பெயருக்குப் போய்விட்டார். அவருக்குக் கொளஞ்சியம்மாள் என்றால் யாரென்று தெரியாது. வீட்டில் பார்த்தவரை எழிலரசியின் அம்மா என்று மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது.

பேச்சு முடிந்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். முதல் வரிசையில் சுப்புராயன் எழுந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஏழாவது ஆளு என் சம்சாரங்க," என்றார். "அவ அந்த ஆறு நாளா என்ன சொன்னா?"

ஸ்ரீமதி மேடையிலிருந்து இறங்கி அவரிடம் வந்தார்.

"தெரியலீங்க ஐயா. நோட்ட நான் பார்த்ததே இல்லையே."

"நானும் பாக்கலம்மா," என்றார் சுப்புராயன். "நாலு வருசம் என் ஊட்லதான் இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியும்."