ராகு காலத்தில் வந்த வாஷிங் மெஷின்

போன வருடம் சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நெமிலிச்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் இரண்டாவது மாடிக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்தது. வெளியில் சொன்னால் அவ்வளவுதான் விஷயம். அதன் பிறகு போன மூன்று வாரம் மட்டும் இன்னும் கனவு மாதிரி என் கூடவே இருக்கிறது.

நான் எட்டாவது வரை படித்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டினேன். அதில் ஒரு நாள் வலது கை மாட்டியது. விரல் ஐந்தும் இருக்கின்றன. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உணர்ச்சி கிடையாது. எதையும் இறுக்கிப் பிடிக்க வராது. இப்போது அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். வீட்டில் சமைப்பேன், பெருக்குவேன். துணி பிழிய மட்டும் முடியாது.

வீட்டுக்காரர்தான் பிழிவார். ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து மொட்டை மாடியில் நின்று என் புடவையை முறுக்குவார். பக்கத்து மாடிக்காரர் ஒருநாள் கேட்டார்.

"இன்னா அண்ணாத்தே, புடவ உன்துதா?"

"ஆமா. உனுக்கும் ஒண்ணு வோணுமா, சொல்லு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் தினமும் வாளியை அவர் பக்கம் நகர்த்தி வைப்பது கஷ்டமாக இருந்தது. யாரையும் கேட்காமல் என் துணியை நானே துவைத்து முடிக்க வேண்டும். அதற்காகத்தான் மெஷின்.

வட்டமாகக் கண்ணாடிக் கதவு வைத்ததுதான் வேண்டும் என்றேன். மேலே மூடி வைத்ததே போதும் என்றார் அவர். துணி சுற்றுவதை நான் பார்க்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போனில் படம் பார்த்து ஆர்டர் போட்டோம்.

மெஷின் வரும் நாளுக்காக லீவு போட்டிருந்தேன். வண்டி வந்தபோது மணி பதினொன்று. இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம். ஒருவர்தான் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். பட்டையைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து முதுகில் ஏற்றினார். வீட்டுக்காரர் கீழிருந்து தாங்கினார்.

"அக்கா, அந்தச் செருப்பெல்லாம் ஓரமா தள்ளு. கால் வழுக்குச்சுன்னா நானும் மிசினும் ஒண்ணாதான் கீய போவோம்."

ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு விட்டார். மேலே வந்ததும் முழங்காலை மடக்கி, முதுகைச் சாய்த்து, பெட்டியைத் தரையில் விட்டார். சத்தமே வரவில்லை. தூங்கும் பிள்ளையைப் பாயில் விடுவது போல விட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பிரிச்சு ஒரு தபா பாத்துக்கோக்கா. அப்பால நம்பர் சொல்லு."

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். புதுப் பொருளை அந்த நேரத்தில் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன்.

"ராவு காலத்துல வந்தது என் தப்பு இல்லக்கா. வண்டில ஏத்துனவன் தப்பு" என்று சிரித்தார். அவருக்கு இன்னும் ஏழெட்டு வீடு பாக்கி. போனுக்கு வந்த ஓடிபி நம்பரைச் சொல்லிவிட்டேன். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு அடித்த பிறகு பெட்டியைப் பிரித்தோம். வெள்ளையாக இருந்தது. பக்கங்களில் ஒட்டியிருந்த நெகிழித்தாளைக்கூட உரிக்கவில்லை. கண்ணாடிக் கதவில் சந்தனம் தொட்டு வைத்தேன். அதன் மேல் குங்குமம். பழக்கம் மாறாமல் மோதிர விரலால்தான் வைத்தேன். கற்பூரம் காட்டினேன்.

"கண்ணாலத்தப்ப நீ எனுக்குக்கூட இம்மாம் பெரிய பொட்டு வெக்கல" என்றார் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே போனில் ஒரு படம் எடுத்து அவர் தங்கைக்கு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மெஷினைப் பொருத்தித் தர ஒருவர் வந்தார். குழாயை மாட்டிவிட்டுக் கதவைப் பார்த்தார். சந்தனத்தைக் கட்டை விரலால் தேய்த்தார். அதற்கு அடியில் கண்ணாடியில் ஒரு கோடு. மயிர் அளவுதான். பொட்டின் நடுவிலிருந்து கீழ் விளிம்பு வரை போயிருந்தது.

"இத ஓட்டக்கூடாது. தண்ணி ஏறுச்சுன்னா கண்ணாடி விட்டுடும்."

ஒரு தாளில் ஏதோ எழுதினார். என்ன என்று கேட்டேன். வெளிச்சேதம், வெளியில் அடிபட்டது என்றார். அப்படியென்றால் வாரண்டியில் வராது என்றும் சொன்னார்.

அந்த இடத்தின் மேல்தான் நான் சந்தனம் வைத்திருக்கிறேன். வேறு விரலாக இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அன்று மாலையே மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஓடிபி கொடுத்துட்டீங்களே மேடம். அப்ப நல்லபடியா வாங்கிட்டீங்கன்னுதான அர்த்தம்?"

பிறகு அவரே குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"டெலிவரி பண்ணவர் கீழ போட்டாரா மேடம்? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே மாத்திக் கொடுக்க எழுதிடுறேன்."

"போடலை."

"லேசா எங்கயாவது இடிச்சிருப்பாரு..."

"இடிக்கலை."

"அப்ப யார் மேடம் உடைச்சது?"

"தெரியாது."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது மேடம். நீங்களே மெஷினை சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டு வந்து, கதவுக்குக் காசு கட்டி மாத்திக்கணும்."

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஆமான்னு ஒரு வார்த்த. சொல்லிட்டுப் போயேன். அந்த ஆளுக்கு இன்னா ஆயிடப் போவுது?"

"நீங்களும்தான் கீழ பிடிச்சீங்க. உங்க பேரையும் சேத்து எழுதச் சொல்லட்டுமா?"

"வெளாட்றியா?"

நான் வலது கையை மடியில் எடுத்து வைத்தேன். இந்தக் கை மாட்டிய அன்று சூப்பர்வைசர் ரிப்போர்ட் எழுதினார். ஒரே வரி. 'ஆபரேட்டர் கவனக்குறைவு.' அன்றைக்குப் பிரஸ்ஸில் கையைத் தடுக்கும் கம்பி இல்லை. அதை யாரும் எழுதவில்லை. நஷ்டஈடு கேட்டுப் போன இடத்துக்கெல்லாம் அந்த ஒரு வரி எனக்கு முன்னால் போய் நின்றது. ஒரு வரி என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியும்.

அவர் எழுந்தார். வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

பிறகு நாட்கள் மெதுவாகப் போயின. அந்த வாரங்களில் எனக்கு முதல் ஷிப்ட். மூன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். நான்கு மணிக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே இறங்கி மெஷினின் கண்ணாடியில் படும். எதிர்ச் சுவரில் ஒரு வட்டம் விழும். தண்ணீருக்குள் இருப்பது போல அது அசையும். நடுவில் மெல்லிய கோடு. வட்டம் காலண்டருக்குக் கீழே தொடங்கி, சுவரோடு நகர்ந்து, சாமி படத்தை ஒட்டி வந்து மங்கும். நான் தரையில் படுத்து அதையே பார்ப்பேன். தூரத்தில் ரயில் ஒன்று நின்று கிளம்பும். தூங்கினேனா விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியாது.

அப்படி ஒருநாள் கனவு வந்தது. வட்டம் ஒரு கிணறு. உள்ளே துணி எல்லாம் சுற்றுகிறது. என் கையும் அதில் சுற்றுகிறது. வலிக்கவில்லை. ஐந்து விரலுக்கும் தண்ணீர் சில்லென்று தெரிகிறது. விழித்தபோது வெயில் போயிருந்தது.

இன்னொரு நாள் கதவைத் திறந்து வீட்டுக்காரரின் காக்கிச் சட்டையை உள்ளே போட்டேன். கரண்ட் போடவில்லை. இடது கையால் டிரம்மைச் சுற்றினேன். சட்டை ஏறிற்று, விழுந்தது. மறுபடி ஏறிற்று. உள்ளே சின்னதாக ஒரு இரைச்சல். கடலை எங்கோ வெகு தூரத்தில் வைத்தது போல. ரொம்ப நேரம் சுற்றினேன். அழவில்லை. சட்டையை வெளியே எடுத்து மறுபடி மடித்து வைத்தேன்.

கீழ் வீட்டில் ஒரு பெண் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கொடியில் துணி போட மேலே வந்தவர், வீட்டுக்காரர் பிழிவதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"புது மெஷின் வந்துச்சே அக்கா, என்னாச்சு?"

சொன்னேன்.

"இவ்வளவு கனத்த பொருள நீங்க தூக்கிட்டுப் போவணுமா? நல்லா இருக்கே கத. அந்த அட்டப்பெட்டிய மட்டும் தூரப் போட்டுராதீங்க."

அரசாங்கத்தில் நுகர்வோருக்கு என்று ஓர் உதவி எண் இருக்கிறதாம். அவரே தேடிப் பிடித்துத் தன் போனில் போட்டு என் கையில் கொடுத்தார். தமிழிலேயே பேசினார்கள். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கடைசியில் நானே கேட்டுவிட்டேன்.

"யார் உடைச்சாங்கன்னு எனக்குத் தெரியலைங்க. அது சொன்னாத்தான் எழுதுவீங்களா?"

"நீங்க ஏம்மா அதைச் சொல்லணும்? செஞ்ச இடத்துல உடைஞ்சுதோ, வழியில உடைஞ்சுதோ, அதை அவங்க பாத்துப்பாங்க. உங்க கைக்கு நல்ல பொருள் வரணும். வரலை. அவ்வளவுதான் புகார்."

"ஓடிபி சொல்லிட்டேங்க."

"அது பொருள் வந்து சேந்துச்சுன்னு சொல்றதும்மா. நல்லா இருக்குன்னு சொல்றது இல்ல. ரெண்டும் வேற. அப்புறம், மெஷினை நீங்க எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க. அவங்கதான் வந்து எடுத்துக்கணும். வந்த அன்னைக்கு எடுத்த போட்டோ ஏதாவது இருக்கா?"

வீட்டுக்காரர் தங்கைக்கு அனுப்பிய படம் இருந்தது. கீழ் வீட்டுப் பெண் அதை விரலால் பெரிதாக்கினார். நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நெகிழித்தாள் உரிக்காத மெஷின். பின்னால் பாதி பிரித்த பெட்டி. ஒயர் சுருட்டியபடி கிடக்கிறது. கதவில் பெரிய பொட்டு. அந்தப் பொட்டிலிருந்து சந்தனம் ஒரு நூல் மாதிரி வெடிப்புக்குள் இறங்கிக் கீழே போயிருந்தது.

என் செத்த விரல் காட்டாததைச் சந்தனம் காட்டியிருக்கிறது.

படத்தை அனுப்பினோம். புகாரை எழுத வேண்டிய இடத்தில் நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதினார். கடைசி வரியை நானே சொன்னேன். 'கொண்டு வந்தவர் மேல் எனக்குப் புகார் இல்லை. அவர் பத்திரமாக இறக்கி வைத்தார்.' இது தேவையா அக்கா என்றார். இருக்கட்டும் என்றேன்.

அடுத்த வாரமே மெஷின் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிறோம் என்றார்கள்.

நான் லீவு போட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வண்டி வந்தது. அதே ஆள். இந்த முறை துணைக்கு இன்னொருவரும் இருந்தார்.

"இன்னாக்கா, மூணு வாரத்துல ரெண்டாவது மிசினு. லாண்டரிக் கட வெக்கப் போறியா?"

"பழையதுல கண்ணாடி விட்டிருந்தது. அதை எடுத்துக்கிட்டுப் போகணும்."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பழைய மெஷின் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

"நான் நல்லாத்தானேக்கா வெச்சேன்?"

"நல்லாத்தான் வெச்சீங்க அண்ணா. அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"போன மாசம் ஒரு டிவி ஒடைஞ்சதுக்கு என் தலைலதான் எழுதுனாங்க. நாலு நாள் வண்டி தரல."

புது மெஷினை மேலே கொண்டு வந்து, முன்போலவே சத்தமில்லாமல் இறக்கினார்கள். நான் கத்தியை எடுத்து வந்து இடது கையால் பெட்டியைக் கட்டியிருந்த பட்டைகளை அறுத்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கா, சனிக்கெயம ஒம்போதுலேந்து பத்தரை ராவு காலமாச்சே."

"தெரியும். நீங்க இருக்கும்போதே பார்த்துடலாம்."

வீட்டுக்காரரும் வந்தார், நான்கு பேரும் குனிந்து பார்த்தோம். அவர் உள்ளங்கையால் கண்ணாடியை மெல்ல ஒரு சுற்றுத் தடவினார். நானும் தடவினேன், இடது கையால். வழுவழுவென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் நம்பர் சொன்னேன். பழைய மெஷின் மிச்சமிருந்த காய்ந்த சந்தனத்தோடு அவர் முதுகில் ஏறிப் படி இறங்கிப் போனது.

இப்போது துணி துவைப்பது நான்தான். வீட்டுக்காரர் சில நாள் பழக்கத்தில் வாளியைத் தேடிவிட்டு, வேலை இல்லை என்று தெரிந்து சும்மா வந்து என் பக்கத்தில் உட்காருவார். நான்கு மணிக்குச் சுவரில் வட்டம் விழும். உள்ளே துணி சுற்றினால் வட்டமும் நடுங்கும். அதில் அந்தக் கோட்டை என் கண் இன்னும் தேடுகிறது. எனக்கு உரியதைக் கேட்டு வாங்க இன்னொருவர் தலையில் எழுத வேண்டியதில்லை என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தக் கோட்டிலிருந்துதான்.